கல்லும் கயிறும் மூச்சும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் பஸ் ஏறியவர்களுக்கு ஓர் அநுபவம் உண்டு. வளைவுகள் கழியக் கழியக் காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் 'பட்'டென்று திறக்கும். ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏறியதில் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்ததே காரணம். இச்சிறு மாறுதலுக்கே காது முறையிடுகிறதென்றால், கடலில் முங்குகிறவன் பாடு என்ன? 10 மீட்டர் இறங்கினால் போதும், அழுத்தம் இரட்டித்துவிடும், நெஞ்சில் நிரப்பிக்கொண்ட காற்று பாதியாகச் சுருங்கிவிடும்!

ஏலமலைச் சாரலில் வசிக்கும் நமக்கு இந்தக் கவலை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நம் வீட்டுப் பூஜை அறையிலும் சங்கு இருக்கிறது. குழந்தைக்கு மருந்து புகட்டியதும் சங்குதான். இவற்றை யாரோ ஒருவன் மூச்சடக்கி எடுத்துத் தந்திருக்கிறான்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களின் பழைய சாதனங்களைப் பாருங்கள். சுமார் 15 முதல் 20 கிலோ எடையுள்ள ஒரு கல். அதைக் கட்டிய கயிறு. சிப்பி சேகரிக்க ஒரு வலைப்பை. அதற்கு இன்னொரு கயிறு. அவ்வளவுதான்! குளிப்பவன் கயிற்று வளையத்தில் காலை வைத்துக் கல்லோடு கீழே போவான். தோணியிலிருப்பவன் கல்லை உடனே மேலே இழுத்துக்கொள்வான். ஒரு நிமிஷமோ சற்று அதிகமோ கழிந்து கயிறு அசைந்தால், பையையும் ஆளையும் மேலே இழுப்பான். குளிப்பவனுடைய உயிர் தோணிக்காரன் கையில் இருந்தது. சுறா வாயைக் கட்டும் 'கடல்கட்டி'யின் மந்திரமும் சாதனங்களுள் ஒன்றாகவே கருதப்பட்டது! தூத்துக்குடிப் பக்கம் பெரிய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று.

மேல்நாட்டில் 1837-இல் ஸீபே என்பவர் உடலை மூடும் கவசத்தையும் செம்புத் தொப்பியையும் இணைத்தார். 1943-இல் கூஸ்தோவும் கான்யானும் முதுகில் சுமக்கும் காற்றுக் கலத்தை ஆக்கினர். இன்று நம் கடலில் சங்கு குளிப்போரும் படகிலுள்ள யந்திரம் அழுத்தித் தரும் காற்றைக் குழாய் வழியே சுவாசிக்கிறார்கள்.

நன்மைதானே என்று தோன்றும். ஆனால் இங்கேதான் ஆபத்து. பழைய குளிப்பாளனை அவன் மூச்சே எச்சரித்து மேலே அழைத்தது. குழாய்க் காற்றோ நெடுநேரம் அடியில் தங்கவிடுகிறது. அந்த அழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடாவைப் போல உடலுக்குள் குமிழ் விடுகிறது. மூட்டுவலியில் தொடங்கிக் கைகால் விழுந்துபோவதும் உண்டு. உயிர் போவதும் உண்டு. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எங்கெங்கே நின்று நின்று ஏறவேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் 1908-லேயே வெளியிட்டுவிட்டார்.

இராமநாதபுரம் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்களோ இன்றும் மூச்சடக்கியே முங்குகிறார்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, ஒரு வலைப்பை. இவையே அவர்கள் சொத்து.

யந்திரம் வாங்கப் பணம் செலவிடுவோர், ஆழம் காட்டும் கருவிக்கும் கடிகாரத்துக்கும் அந்த அட்டவணையைக் கற்பிப்பதற்கும் சிறிது செலவிடலாகாதா? குழாயை மட்டும் கொடுத்து அறிவைக் கொடுக்காமலிருப்பது, கல்லைக் கொடுத்துக் கயிற்றை மறுப்பதற்கு ஒப்பாகும் என்பதே நம் அபிப்பிராயம்.