ரெயில் அதேதான், பெயர்தான் வேறே!

சென்னை சென்டிரல். ஷாலிமாரில் இருந்து வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நிற்கிறது. முன்பதிவு இல்லாத பெட்டியில் இருந்து தோளில் பையும் கையில் பக்கெட்டுமாக வாலிபர்கள் இறங்குகிறார்கள். மெட்ரோ ரெயில் பள்ளம், அடுக்குமாடி கட்டிடம், ஓட்டல் சமையல்கட்டு... எங்காவது ஒரு வேலை காத்திருக்கிறது.

"வடக்கே இருந்து வந்து குவியறாங்களே!" என்று பஸ் ஸ்டாப்பில் ஒரு பேச்சு.

"அவங்க இல்லேன்னா கடையைத் திறக்க முடியாது சார்" என்று எதிர் ஓட்டலில் இன்னொரு பேச்சு.

இரண்டு பேச்சும் ஒரே ஆளைப் பற்றித்தான்!

அன்று "மதராசி"

டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் பாஸ் செய்த கையோடு பம்பாய்க்கு ரெயில் ஏறிய தமிழர்கள் எத்தனை பேர்! 1966-ல் பால் தாக்கரே சிவசேனாவைத் தொடங்கினார். பம்பாய் கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களை அவருடைய "மார்மிக்" பத்திரிகை பட்டியல் போட்டு அச்சடித்தது. தமிழர், மலையாளி, கன்னடர் எல்லோருக்கும் அங்கே ஒரே பெயர்தான்: "மதராசி". லுங்கியைக் கேலி செய்து கோஷம் கிளம்பியது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன.

2008-ல் அதே ஊர். ஆள்தான் மாறிவிட்டார். ரெயில்வே தேர்வு எழுத வந்த வட மாநில வாலிபர்களை ராஜ் தாக்கரே கட்சியினர் அடித்து விரட்டினார்கள். "எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள்" என்ற கோஷம் மட்டும் பழசு.

கேக்கும் வீடியோவும்

2023 மார்ச் 1. அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலினின் பிறந்தநாள் விழா சென்னையில் நடந்தது. பீகாரின் அப்போதைய துணை முதல்வர் தேஜஸ்வி யாதவும் வந்திருந்தார்.

அவர் ஊர் திரும்புவதற்குள் அங்கே புயல்! "தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள்" என்று செல்போன்களில் வீடியோக்கள் பறந்தன. "நம்ம ஆட்கள் அங்கே சாகிறார்கள், நீங்கள் கேக் வெட்டப் போனீர்களா?" என்ற ரீதியில் பா.ஜ.க.வினர் பாட்னா சட்டசபையைக் கலக்கினார்கள்.

வீடியோக்களைத் தமிழக போலீசார் ஆராய்ந்தார்கள். ஒன்று, பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று, கோவைக்காரர்கள் இரு கோஷ்டியாக மோதியது!

பீகார் அரசு 4 பேர் குழுவை அனுப்பியது. அவர்களும் திருப்பூர், கோவை போய்ப் பார்த்துவிட்டு, வீடியோக்கள் பொய் என்றார்கள். ஆனால் பொய்க்கும் கால் உண்டு. ஹோலிக்காக ஊருக்குப் போனவர்களோடு, பயந்து போய்ப் புறப்பட்டவர்களும் ரெயில் ஏறினார்கள். பனியன் கம்பெனி முதலாளிகள் கையைப் பிசைந்தார்கள்.

"கணக்கு இல்லை"

குவிகிறார்கள் என்று சொல்கிறார்களே, எத்தனை பேர்?

2011 மக்கள்தொகை கணக்குப்படி, நாட்டில் இடம் பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடி. அதில் பாதிக்குப் பாதி, கல்யாணமாகி புருஷன் வீட்டுக்குப் போன பெண்கள்! மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் 5 கோடி சொச்சம். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கை அந்த ஆண்டு எடுக்கவில்லை. அதனால் மேடையில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் மறுக்க ஆள் இல்லை.

2020 கொரோனா ஊரடங்கில் 1 கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் சொந்த மாநிலம் திரும்பினார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனை என்று பாராளுமன்றத்தில் கேட்டபோது, "அந்தக் கணக்கு இல்லை" என்று மத்திய அரசு பதில் சொன்னது.

பாட்னா அமளி அடங்கி மூன்றே மாதம். 2023 ஜூன் 2-ந் தேதி சென்னைக்கு வந்துகொண்டிருந்த இதே கோரமண்டல், ஒடிசாவில் பாலசோர் அருகே கவிழ்ந்தது. 290-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். வேலைக்காக வந்தவர்கள் அதில் பலர். முன்பதிவு இல்லாத பெட்டிக்குப் பெயர்ப் பட்டியலும் கிடையாது.

யாரும் உரிமை கோராத 28 உடல்கள் புவனேசுவரம் ஆஸ்பத்திரியில் 4 மாதம் கிடந்தன. அக்டோபரில் மாநகராட்சியே அவற்றைத் தகனம் செய்தது.