வின்ச் கயிற்று நுனியில் எது பெஸ்ட்? கொக்கியா, ஷாக்கிளா?

குற்றாலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். சாரல் பிடித்தால் தென்காசி சுற்றுவட்டார மண் பாதைகளில் ஜீப்பே சேற்றில் சிக்கும். 'வின்ச் இருக்கே' என்கிறீர்களா? கயிற்று நுனியில் என்ன இருக்குன்னு பாருங்க.

கொக்கி: சட்டென மாட்டலாம். கயிறு தளர்ந்தால் கழன்றுவிடலாம்.

இரும்பு ஷாக்கிள்: மூடிய வளையம், கழலாது. 3/4 இன்ச் என்றால் 4.75 டன் முத்திரை இருக்கணும். கயிறு அறுந்தால் கொக்கியோ ஷாக்கிளோ தோட்டா மாதிரி பாயும், உயிருக்கே ஆபத்து.

சாஃப்ட் ஷாக்கிள்: செயற்கை இழையில் பின்னியது, எடை குறைவு. அறுந்தாலும் அடி குறைவு. கூர்மையான விளிம்பில் உரசினால் போச்சு. வழவழப்பான ரெக்கவரி பாயின்ட்டில் மட்டும் மாட்டுங்க.

எதுவானாலும் டிரெய்லர் மாட்டும் குண்டில் மாட்டாதீங்க. கயிற்றின் மேல் கனமான போர்வை போட்டு, எல்லாரும் தள்ளி நில்லுங்க.