கண்ணுற்றேன் – சொல் விளக்கம்

இந்த மாதச் சுவர் இதழில் ஒரு பழைய சொல்லைப் பற்றி எழுதுகிறேன்.

எங்க ஆச்சியின் தகரப் பெட்டியில், வெளியூரில் வேலை பார்த்தபோது தாத்தா எழுதிய இன்லண்ட் லெட்டர் ஒன்று இருக்கிறது. தாத்தா இப்போது இல்லை. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன மாதம் என்னை வாசிக்கச் சொன்னாங்க. "உன் கடிதம் கண்ணுற்றேன்" என்பதை நான் "கண்ணூற்றேன்" என்று நீட்டி வாசித்துவிட்டேன். ஆச்சி பதறிப்போய், "ஏட்டி, யாருக்குக் கண்ணூறு பட்டுச்சாம்?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. மறுநாள் தமிழ் ஐயாவிடம் கேட்டேன்.

கண் + உறு = கண்ணுறு. மண் + உலகு = மண்ணுலகு ஆவது போல, இதிலும் 'ண்' இரட்டித்து வருகிறது. 'உறு' என்றால் அடைதல், பொருந்துதல். ஒன்று நம் கண்ணை வந்து அடைகிறது, அதாவது நாம் அதைக் காண்கிறோம்.

பெறு – பெற்றேன் என்பது போல உறு – உற்றேன்.
இறந்த காலம்: கண்ணுற்றேன்
நிகழ்காலம்: கண்ணுறுகிறேன்
எதிர்காலம்: கண்ணுறுவேன்

நோயுற்றார், கேள்வியுற்றேன், மகிழ்வுற்றாள் என்பவையும் இதே 'உறு' சேர்ந்த சொற்கள்தான்.

முன்பு கடிதங்களில் "தங்கள் கடிதம் கண்ணுற்றேன்" என்றுதான் பலர் தொடங்குவார்களாம். கடிதம் கிடைத்தது, படித்தேன் என்ற இரண்டும் அதில் அடக்கம். கதைகளிலும் "அக்காட்சியைக் கண்ணுற்றான்" என்று வரும். பேச்சில் வராது. "தெருவில் பூனையைக் கண்ணுற்றேன்" என்று சொல்லிப் பாருங்கள், எல்லாரும் சிரிப்பார்கள்!

கண்ணூறு என்பது வேறு. அது கண் திருஷ்டி. புத்தகத்தில் 'கண்ணேறு' என்று இருக்கும். ஒரு குறில் நெடிலானால் பொருளே மாறிவிடுகிறது. ஆகவே நிறுத்தி, எழுத்துப் பார்த்து வாசிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ஆச்சியிடம், "நீங்க போட்ட கடிதத்தை தாத்தா பார்த்துட்டாங்களாம், அதுதான் அர்த்தம்" என்று சொன்னேன். அந்தக் கடிதத்தை ஆச்சி வேறொருவரிடம் சொல்லித்தான் எழுதினாங்களாம். தாத்தாவின் பதிலை அப்போது படித்துக் காட்டியவரும் பணம் அனுப்பிய விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"அப்போ நான் சொன்னதெல்லாம் அவுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு" என்று ஆச்சி மெதுவாகச் சொன்னாங்க. அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாங்க. இந்தத் தடவை சரியாக வாசித்தேன்.

உங்கள் வீட்டிலும் பழைய கடிதம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். புரியாத சொல் இருந்தால் ஐயாவிடம் கேளுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி