அலுமினியம் பூசிய கூனி

ஒரு பிடி காய்ந்த கூனியை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். வளைந்த முதுகு, கசகசவென்று கால்கள். பசிபிக் கடலின் மரியானா அகழியில், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில், கிட்டத்தட்ட இதே சாயலில் ஒரு பிராணி மேய்கிறது. பெயர் ஹிரோண்டெல்லியா கைகாஸ். 'கைகாஸ்' என்றால் ராட்சதன். விரல் நீளம்கூட இல்லாததற்கு இந்தப் பெயர்!

சாயல்தான் கூனி, சாதி வேறு. இது ஆம்ஃபிபோட். இறாலுக்கு இருப்பதுபோல் தலையையும் நெஞ்சையும் சேர்த்து மூடும் ஓடு இதற்குக் கிடையாது. கால்களில் சில முன்பக்கமும் சில பின்பக்கமும் வளைந்திருக்கும். தாய் தன் முட்டைகளை நெஞ்சுக்கடியில் உள்ள பையில் சுமக்கும். பொரிந்து வரும் குஞ்சு தாயின் அச்சாகவே இருக்கும்.

அந்த ஆழத்தில் நம் தலைமேல் இருப்பதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தம். வெயில் எட்டாது, செடி முளைக்காது. மேலிருந்து விழுவதுதான் சாப்பாடு: செத்த மீன், மக்கிய இலை, மரத்துண்டு. மரத்தை எப்படித் தின்பது? இதன் வயிற்றில் செல்லுலோஸை நேராகக் குளுக்கோஸாக்கும் நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். சோதனைச் சாலையில் அந்த நொதி வெறும் காகிதத்தையே சர்க்கரையாக்கிக் காட்டியது.

எனக்கு அதைவிட வியப்பு, அந்தச் சர்க்கரை அடுத்துச் செய்யும் வேலைதான். அவ்வளவு ஆழத்தில் சுண்ணாம்பு கரைந்துவிடும். சுண்ணாம்பு ஓட்டை நம்பிய உயிர் பிழைப்பது கடினம். இந்தப் பிராணியோ அலுமினியத்தைப் போர்த்திக்கொள்கிறது. சர்க்கரையிலிருந்து உண்டாகும் குளுக்கோனிக் அமிலம், சாப்பாட்டோடு உள்ளே போன கடலடிச் சேற்றிலிருந்து அலுமினியத்தைக் கரைத்தெடுக்கிறது. கடல்நீரின் காரத்தன்மை பட்டதும் அது களிபோலத் திரண்டு மேலே படிகிறது. 2019-இல் வெளியான ஆய்வு இது. தின்ற மரமே கவசத்துக்கும் வழி செய்கிறது!

ஆனால் மேலிருந்து விழுவது மரமும் மீனும் மட்டுமில்லை. மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்டு, பிறகு தடை செய்யப்பட்ட பிசிபி என்ற நச்சு இவற்றின் உடலில் குவிந்திருப்பதை கடல் ஆய்வாளர் ஆலன் ஜேமிசனின் குழு 2017-இல் வெளியிட்டது. சீனாவில் மாசடைந்த லியாவ் ஆற்று நீர் பாயும் வயல் நண்டுகளில் இருப்பதைவிட, அளவு மிக அதிகமாக இருந்த இடத்தில் 50 மடங்கு.

அதே அகழியில், 6,000 மீட்டருக்குக் கீழே பிடிபட்ட இன்னொரு ஆம்ஃபிபோட் இனத்துக்கு 2020-இல் பெயர் வைத்தார்கள். பிடிபட்டவற்றில் ஒன்றின் குடலில், தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கை ஒத்த இழை கிடந்தது. வைத்த பெயர், யூரிதீன்ஸ் பிளாஸ்டிகஸ்.