கோர்வைக்கு இரண்டு பேர்

காஞ்சிபுரம் பட்டு வாங்க வருகிறவர்கள் முதலில் முந்தானையைத்தான் விரித்துப் பார்ப்பார்கள். நான் உடலும் கரையும் சேரும் இடத்தைத் தடவிப் பார்ப்பேன். முசரவாக்கத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறியில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டு வளர்ந்தவள் நான்.

அரக்கு உடல், பச்சைக் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவில், அதாவது நீளவாட்டு இழைகளில், கரைப் பகுதிக்குப் பச்சை இழை கட்டினால் மட்டும் போதாது. குறுக்கே ஓடும் அரக்கு ஊடை கரைக்குள்ளும் ஓடினால் பச்சை மங்கிப் போகும். அதனால் ஊடையைக் கொண்டுபோக மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு ஒவ்வொன்று. உடல் ஊடை கரையின் விளிம்புவரை வரும். அங்கே கரை ஊடை அதைக் கோத்துக்கொண்டு தன் பக்கம் திரும்பும். இதுதான் கோர்வை. புடவை நீளம் முழுக்க, ஒவ்வொரு ஊடைக்கும் இப்படியே கோக்க வேண்டும். ஒரு ஊடை கோக்கப்படாமல் போனாலும் அந்த இடத்தில் கண் விட்டுவிடும்.

முந்தானைக்கு வேறு நிறம் என்றால் பேட்னி. உடல் பாவு இழைகளோடு முந்தானை நிற இழைகளைக் கையாலேயே கோத்து, கொஞ்ச தூரம் இரண்டையும் சேர்த்து நெய்து, பிறகு உடல் இழைகளை வெட்டிவிடுவார்கள். பொறுமையைச் சோதிக்கிற வேலை.

இரண்டு பக்கக் கோர்வையை ஒருவர் தனியாகப் போடுவது மிகவும் கடினம். பக்கத்தில் உட்கார முன்பெல்லாம் பிள்ளைகள்தான் கிடைத்தார்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தபோதும், குடும்பத்தார் நடத்தும் பட்டறைக்கு அதில் விலக்கு இருந்தது. என் வயதுப் பிள்ளைகள் பலருக்குப் படிப்பு அந்தத் தறிப் பலகையிலேயே போனது. இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அதில் எனக்கு நிறைவுதான்.

ஆனால் அந்த இடத்துக்குப் பெரியவர்கள் வரவில்லை. எப்படி வருவார்கள்? கூலி புடவைக்கு இவ்வளவு என்று நெசவாளர் கையில் வருகிறது, பக்கத்தில் இருப்பவருக்கு அதிலிருந்துதான் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதனால்தான் பல தறிகளில் கரையை உடல் நிறத்திலேயே போட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் கோர்வையை ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் பாதி, பெயர் தெரியாமல் கரைக்கு நாடா போட்டவருடையது. நெய்யக் கொடுக்கிறவர்கள், சங்கமானாலும் தனியாரானாலும், கோர்வைப் புடவைக்குக் கூலிச் சீட்டு எழுதும்போது இரண்டு பெயர் எழுதட்டும், இரண்டு கூலி போடட்டும்.