ஓடும் காலும் விரியும் சிறகும்: உங்களுக்குத் தெரியுமா?

நாலுகால் பாய்ச்சலில் போகும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புமா? வெறும் கண்ணால் பார்த்து இதற்கு யாராலும் விடை சொல்ல முடியவில்லை. 1878 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், செல்வந்தர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பந்தயக் குதிரைக்காகப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். ஓடுபாதையின் குறுக்கே கட்டியிருந்த நூல்களில் குதிரை இடற இடற, ஒவ்வொரு கேமராவின் ஷட்டரும் திறந்து மூடியது. குளம்புகள் எழும்பத்தான் செய்கின்றன. ஆனால் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததுபோல் கால்களை முன்னும் பின்னும் நீட்டிய கணத்தில் அல்ல. நான்கையும் வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்ட கணத்தில். அந்தப் படத்தொகுப்போடு அச்சான குறிப்பு, ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் பட்ட நேரம் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்கிறது. இன்று பாயும் விலங்கைப் படமெடுக்க நாம் வைக்கும் ஷட்டர் வேகமும் ஏறக்குறைய அதே 1/2000 தான்.

★

அந்த எண் ஏன் வேண்டும் என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். கோடியக்கரைப் புல்வெளியில் ஒரு வெளிமான் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் உங்களுக்குக் குறுக்கே ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 20 மீட்டர். ஷட்டர் 1/125 நொடி திறந்திருந்தால் அதற்குள் மான் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; படத்தில் மான் இருக்காது, பழுப்பாக ஒரு தீற்றல்தான் இருக்கும். 1/1000 என்றால் 2 சென்டிமீட்டர். 1/2000 என்றால் ஒரே சென்டிமீட்டர். கால்கள் உடம்பைவிட வேகமாக வீசப்படுவதால் உடல் தெளிவாக விழுந்த படத்திலும் குளம்பு கலங்கித் தெரியும். கேமரா வாங்கப் போகும்போது இந்தக் கணக்கு கையில் இருந்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

★

வேகத்துக்கு வெளிச்சத்தால் விலை கொடுக்க வேண்டும். 1/125-லிருந்து 1/2000-க்குப் போனால் சென்சாருக்குக் கிடைக்கும் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. அதை ஈடுகட்ட, சென்சாரின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 100-லிருந்து 1600-க்கு ஏற்ற வேண்டும். விலங்குகள் நடமாடுவதோ அதிகாலையிலும் அந்தி சாயும் நேரத்திலும்! அப்போது 6400 கூடச் சாதாரணம். ஆகவே கடைக்காரர் காட்டும் பளபளப்பான மாதிரிப் படத்தை ஒதுக்கிவிட்டு, அதே கேமராவில் 6400 ஐஎஸ்ஓவில் எடுத்த படத்தைக் கேளுங்கள். மணல் தூவியதுபோன்ற புள்ளிகளுக்கு நடுவிலும் இறகின் இழை பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள்.

★

1975-இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா, ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிவதற்கு 23 நொடி எடுத்துக்கொண்டது. அதன் எடை 3.6 கிலோ.

★

மெகாபிக்சல் அதிகமானால் ஓடும் விலங்கின் படம் நன்றாக வரும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் அது சுமையாகவும் ஆகலாம். 45 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு சுமார் 50 எம்பி. நொடிக்கு 10 படம் எடுத்தால் 500 எம்பி. வி30 என்று பொறித்த கார்டு நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்பதுதான் உத்தரவாதம். வி90 என்றால் 90. மிச்சமெல்லாம் கேமராவின் உள்நினைவகத்தில் தேங்கும். அது நிரம்பியதும் கேமரா திணறும், நாய் பந்தைக் கவ்வும் அந்தக் கணத்தில் ஷட்டர் அடங்கிக் கிடக்கும். என் கருத்தில், வீட்டு நாய்க்கும் ஏரிப் பறவைக்கும் 20 முதல் 24 மெகாபிக்சல் தாராளம். “நொடிக்கு எத்தனை படம்?” என்று கேட்கும் வாயோடு “தொடர்ந்து எத்தனை படம்?” என்றும் கேளுங்கள்.

★

கன்றுக்குட்டி துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். பால் குடித்து முடித்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு, காரணமே இல்லாமல், நாலு காலும் மேலே போக ஒரு குதி. ஒரு காலத்தில் என்னிடம் சட்டைப்பையில் அடங்கும் சிறிய கேமரா இருந்தது. கன்று எழும்பிய அதே கணத்தில் பொத்தானை அழுத்தினேன். படத்தில் காலி முற்றமும், ஓரத்தில் வால் நுனியும் இருந்தன. கேமரா ஃபோகஸ் தேடிக் கண்டுபிடித்து ஷட்டரைத் திறப்பதற்குள் கன்று போய்விட்டது. அழுத்தியதற்கும் படம் பதிவதற்கும் நடுவே விழும் இந்தத் தாமதத்தை விளம்பரத் தாள்களில் காண்பது அரிது. ஆனால் விலங்குப் படத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸைத் தயாராக வைத்துக்கொண்டால் தாமதத்தின் பெரும்பகுதி குறையும். அப்படியும் பிந்துகிற கேமரா விலங்குப் படத்துக்கு ஆகாது.

★

பறவை பறப்பதைப் பதிவுசெய்ய 1882-இலேயே பிரான்சின் எத்தியென்-ஜூல் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். குறிபார்த்து விசையை இழுத்தால் நொடிக்கு 12 படம்.

★

குறுக்கே ஓடும் நாயை எடுப்பது சுலபம். உங்களை நோக்கி ஓடிவரும் நாய்தான் பரீட்சை. மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓடிவருகிற நாய் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் நெருங்குகிறது. நொடிக்கு 20 படம் எடுத்தால்கூட ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 40 சென்டிமீட்டர். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 200 எம்எம் லென்ஸை எஃப் 2.8-இல் வைத்து ஆறு மீட்டர் தொலைவில் எடுத்தால், படத்தில் கூர்மையாக விழும் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் காது கலங்கிவிடும். ஆகவே கேமரா நாயின் இப்போதைய இடத்தைப் பார்த்தால் போதாது, அடுத்த கணம் அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டிக் கணிக்க வேண்டும். தொடர் ஃபோகஸ் என்பது இந்தக் கணிப்புதான். விலை குறைந்த கேமராவுக்கும் உயர்ந்த கேமராவுக்கும் உள்ள மெய்யான வித்தியாசம் இங்கேதான் தெரியவரும்.

★

விலங்கின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸை சோனி 2019-இல் கொண்டுவந்தது. 2020-இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர்5 நாய், பூனையோடு பறவையையும் அடையாளம் கண்டது. பறக்கிற கொக்கின் கண்மேல் சிறு கட்டம் ஒட்டிக்கொண்டே போவதை முதல்முறை பார்க்கிறவருக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் கேமரா எந்தெந்த உயிரினத்தை அடையாளம் காணும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பூனைக்கு நன்றாக வேலை செய்வது எருமைக்குக் கைவிட்டுவிடலாம். யாரைப் படமெடுக்கப் போகிறீர்களோ அவரை வைத்தே சோதித்துப் பாருங்கள்.

★

மீன்கொத்தி கிளையை விட்டுப் பாய்வதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அழுத்தக் கால் நொடி போல் ஆகிவிடும். அதற்குள் பறவை தண்ணீரை நெருங்கியிருக்கும். 2016-இல் ஒலிம்பஸ் தன் ஈ-எம்1 மார்க் 2 கேமராவில் இதற்கொரு வழி செய்தது. பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருக்கும்போதே கேமரா படங்களை எடுத்து எடுத்துத் தள்ளிவிடும். முழுதாக அழுத்தியதும் அதற்கு முந்தைய 14 படங்களையும் சேர்த்துக் கொடுக்கும். இன்று வேறு நிறுவனங்களின் கேமராக்களிலும் இந்த வசதி உண்டு. பறவைப் பிரியர்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது.

★

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்த பறவையின் சிறகு சில சமயம் ரப்பர்போல் வளைந்திருக்கும். சென்சார் படத்தை ஒரே வீச்சில் படிக்காமல் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதே காரணம். மேல்வரியைப் படித்துவிட்டுக் கீழ்வரிக்கு வருவதற்குள் சிறகு இடம் மாறிவிடுகிறது. விலை உயர்ந்த அடுக்குச் சென்சார்கள் வேகமாகப் படிப்பதால் இது மிகக் குறைவு. 2023-இல் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3, ஃபுல் ஃப்ரேம் கேமராக்களில் முதல்முறையாக எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் படித்தது. நடுத்தர விலையில் வாங்குகிறவர்கள் வேகமாகச் சிறகடிக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரையே வைத்துக்கொள்ளலாம்.

★

ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தணிக்கும். அணில் ஓடுவதை அது நிறுத்தாது.

★

பணத்தை எங்கே போடுவது? லென்ஸில். தயங்காமல் சொல்வேன். எஃப் 5.6 லென்ஸைவிட எஃப் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சம் தரும், ஆனால் நீண்ட லென்ஸ்களில் அந்த வெளிச்சத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது 150-600 எம்எம் ஜூம். சுமார் இரண்டு கிலோ. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் அரை நாள் நடக்கத் தோளில் வலு இருக்கிறதா என்பதும் தேர்வில் ஒரு பகுதி. அங்கே கூழைக்கடாதான் புதியவர்களுக்கு நல்ல ஆசான். பெரிய உடம்பு, நிதானமான சிறகடிப்பு, தண்ணீரில் இறங்குமுன் கால்களை முன்னே நீட்டிச் சறுக்கிக்கொண்டு வரும் நீண்ட வருகை. அந்தச் சறுக்கலைப் பத்து முறை பிடித்துவிட்டால் கை தானாகப் பழகிவிடும்.

★

ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 400 எம்எம் லென்ஸைப் பொருத்தினால், ஃபுல் ஃப்ரேமில் 600 எம்எம் லென்ஸ் காட்டும் அதே குறுகிய காட்சி கிடைக்கும். கேனானில் இன்னும் கொஞ்சம் கூட, 640. தொலைவிலுள்ள உயிரைப் படமெடுக்க இது பெரிய லாபம். விலையும் குறைவு, எடையும் குறைவு.

★

பழைய கேமரா வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2, 2016-இல் வந்த நிகான் டி500 இரண்டும் நொடிக்கு 10 படம் எடுக்கும் டிஎஸ்எல்ஆர்கள். ஓடுகிற விலங்கை விடாமல் பற்றும். இரண்டின் ஷட்டரும் இரண்டு லட்சம் முறை திறந்து மூடத் தாங்கும் என்று சோதிக்கப்பட்டவை. விற்பவரிடம் இதுவரை எத்தனை முறை என்று கேளுங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் பையில் கிடந்த லென்ஸ்களுக்கு வரும் நோய் அது.

★

தமிழில் இயற்கைக் கட்டுரைகளும் ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை பத்தியும் எழுதிய மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே பொருத்தி உருவாக்கிய பெரிய கேமரா ஒன்றுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கடையில் கிடைத்தது போதவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டார்.

★

உச்சிவெயிலில் வெகுதொலைவிலுள்ள மானை எடுத்தால் எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸாக இருந்தாலும் படம் நெளியும். தரையிலிருந்து எழும் கானல் காற்று செய்யும் வேலை அது. லென்ஸைக் குறைசொல்வதற்கு முன் விடிகாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

★

கேமராவைக் கடையிலேயே சோதிக்க முடியும், விலங்கு வேண்டாம். வாசலில் நின்று தொடர் ஃபோகஸில் வையுங்கள். உங்களை நோக்கி வரும் ஒரு ஸ்கூட்டரைப் பிடித்து அது கடந்து போகும்வரை பொத்தானை விடாதீர்கள். பிறகு ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு எண்களை எத்தனை படங்களில் படிக்க முடிகிறது என்று எண்ணுங்கள். பத்துக்கு ஏழு தேறினால் வாங்கலாம். மூன்றுதான் தேறுகிறது என்றால் அடுத்த கேமராவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.