குளிர்ந்த கை ஏன் குறைவாக நடுங்குகிறது?

அடுப்பில் பால் காய்கிறது. பழகிய கை, ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பைச் சிம்மில் வைத்துவிடும், பொங்கும்வரை காத்திருக்காது. சிறுமூளையின் வேலையும் இதுதான். டம்ளரை எடுக்கக் கை நீளும்போதே, அது எங்கே போய் நிற்கும் என்று கணித்து, எதிர்த்தசையை வேளையோடு இழுத்துப் பிடிக்க வைக்கிறது.

சிறுமூளை பழுதானால் அந்த முன்யோசனை போய்விடும். பால் பொங்கிய பிறகு தீயைக் குறைப்போம், நன்றாக அடங்கிய பிறகு கூட்டுவோம்; மறுபடி பொங்கும். கையும் டம்ளரைத் தாண்டிப் போகும், பின்னுக்கு வரும், மீண்டும் தாண்டும்: நொடிக்குச் சுமார் 3 முதல் 5 முறை. மடியில் சும்மா கிடக்கும் கை பெரும்பாலும் ஆடாது. இலக்கை நெருங்க நெருங்கத்தான் ஆட்டம் கூடும். முதல் உலகப் போரில் சிறுமூளையில் குண்டடிபட்ட வீரர்களைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ், இந்தத் தடுமாற்றங்களை 1917இல் விரிவாக எழுதிவைத்தார்.

பெல்ஜிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயால் இதே வகைக் கைநடுக்கம் வந்தவர்களின் கையை 15 நிமிடம் குளிர்வித்தார்கள். நடுக்கம் குறைந்தது, பலன் அரை மணி நேரம் வரை நின்றது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால், நரம்புச் செய்தியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும். தாமதத்தால் வந்த ஆட்டம், தாமதம் கூடினால் மோசமாகத்தானே வேண்டும்? வேகத்தோடு செய்தியின் வலுவும் குறைவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். தசை நீளுவதை அறிவிக்கும் தசைக்கதிர்கள் குளிரில் அடங்கிவிடும். அடுப்பருகே நின்று ‘பொங்குது, பொங்குது’ என்று கத்துபவரின் குரல் தணிந்தால், திருகைப் பிடித்திருப்பவர் பதறி ஒரேயடியாகத் திருப்ப மாட்டார். போதாததற்கு, குளிர்ந்த தசை விறைத்து, மெதுவாகச் சுருங்கும். அடி கனத்த பாத்திரத்தில் தீயின் ஏற்ற இறக்கம் பாலில் உடனே தெரியாதது போலத்தான்.

அரை மணி நேரம் அற்பமல்ல. கையெழுத்துப் போடலாம், ஒரு வேளைச் சாப்பாட்டைச் சிந்தாமல் தன் கையாலேயே சாப்பிடலாம். மாத்திரைகள் பெரிதாகக் கைகொடுக்காத நடுக்கம் இது என்பதால், இந்த எளிய வழியை மருத்துவர்கள் இன்னும் அடிக்கடி எடுத்துச் சொல்ல வேண்டும் என்பேன்.

ஆனால் நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். கையைக் குளிர்விப்பதால் நடையும் பேச்சும் சீராகாது. தொடு உணர்ச்சி குறைந்தவர்களும், குளிரில் விரல் வெளுத்துப்போகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஐஸ் பையைத் தொடக்கூடாது.